வேலை மாறினால் வரிக்கணக்கும் கூடவே வரட்டும்

புதுச்சேரி ஜிப்மரில் முதுநிலை மருத்துவப் படிப்புக்கான சேர்க்கை ஆண்டுக்கு இரண்டு முறை, ஜனவரியிலும் ஜூலையிலும் நடக்கிறது. ஜனவரியில் அதன் கோரிமேடு வளாகத்துக்கு வந்து சேரும் இளம் மருத்துவர்களில் பலர், அதற்கு முந்தைய ஒன்பது மாதங்களில் வேறு ஏதோவொரு மருத்துவமனையில் சம்பளம் வாங்கியவர்கள். வருமான வரிக்கான ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. வரியும் அந்தப் பன்னிரண்டு மாத வருமானத்துக்கும் சேர்த்துத்தான். ஆனால், புதிய இடத்தின் கணக்குப் பிரிவுக்குத் தெரிந்தது கடைசி மூன்று மாதச் சம்பளம் மட்டும். முதல் ஒன்பது மாதம் என்ன வாங்கினார், அதில் எவ்வளவு டி.டி.எஸ். பிடித்தார்கள் என்பதை அவரே எழுதிக் கொடுத்தால்தான் உண்டு. சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டைகளில் அக்டோபரில் வேலை மாறும் பொறியாளருக்கும், சென்னை ஐ.டி. நிறுவனத்தை விட்டுவிட்டு ஊரோடு வந்து சேரும் இளைஞருக்கும் இதே நிலைதான். வேலையில் சேரும் நாளில் நீட்டப்படும் காகிதக் கட்டில் ஆதார் நகல், பான் நகல், கேன்சல் செய்த காசோலை, பி.எஃப். படிவம் 11, வாரிசு நியமனப் படிவம், முதலீடுகளை அறிவிக்கும் 12பிபி எல்லாம் இருக்கும். பழைய சம்பளத்தைச் சொல்லும் 12பி என்ற படிவம், கேட்டால்தான் வரும். இந்தப் படிவத்தை ஊழியரிடம் கேட்கவே கூடாது, அதற்குப் பதிலாக, பிடிக்க வேண்டிய வரி விகிதத்தை அரசே புதிய நிறுவனத்துக்குச் சொல்ல வேண்டும் என்பதுதான் என் வாதம்.

முதலில் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். சம்பளம் கொடுப்பவர் ஊழியரின் முழு ஆண்டு வருமானத்தை உத்தேசமாகக் கணக்கிட்டு, அதற்குரிய வரியைச் சராசரி விகிதத்தில் மாதாமாதம் பிடிக்க வேண்டும் என்பது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 192-ஆம் பிரிவு. நடுவில் வேலை மாறியவர் பழைய சம்பள விவரத்தைப் புதிய முதலாளியிடம் தரலாம். தந்தால் அந்த முதலாளி இரண்டையும் கூட்டிக் கணக்கிட்டாக வேண்டும் என்பது அதன் உட்பிரிவு 2. ‘தரலாம்’ என்பதால் கட்டாயமில்லை. 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறை நாளாகக் கொண்ட 2025-ஆம் ஆண்டுப் புதிய சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஊழியர் தாமாக முன்வந்து தந்தால் உண்டு என்கிற ஏற்பாடு மாறவில்லை. பழகிய எண்களையே இந்தக் கட்டுரையில் வைத்துக்கொள்கிறேன்.

‘தரலாம்’ என்ற இந்த ஒரு சொல்லால் என்ன ஆகிறது என்பதை 2025–26 நிதியாண்டின் விகிதங்களை வைத்துப் பார்ப்போம். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை மாதம் 90,000 ரூபாய் வாங்கிய ஒருவர், அக்டோபரில் மாதம் 1,50,000 ரூபாய்க்கு வேறு நிறுவனத்தில் சேர்கிறார். பழைய நிறுவனம் அவருடைய ஆண்டுச் சம்பளத்தை 10,80,000 என்று எடுத்துக்கொண்டது. நிலையான கழிவு 75,000 போக 12 லட்சத்துக்குக் கீழே வருவதால், புதிய வரி முறையின் தள்ளுபடிப்படி வரி பூஜ்யம். புதிய நிறுவனம் தன்னிடம் வாங்கப்போகும் 9,00,000-ஐ மட்டும் பார்க்கிறது, அங்கேயும் பூஜ்யம். இரண்டு இடத்திலும் சம்பளச் சீட்டில் வரி என்ற இடம் காலியாகவே இருக்கும். மனிதர் நிம்மதியாக இருப்பார். உண்மையில் அவருடைய ஆண்டு வருமானம் 14,40,000. கழிவு போக 13,65,000. அதற்கான வரி 84,750 ரூபாய், 4 சதவீத செஸ் சேர்த்தால் 88,140. கழிவை இரண்டு நிறுவனங்களும் தனித்தனியாகக் கொடுத்தன, தள்ளுபடியையும் இரண்டும் கொடுத்தன. சட்டப்படி கழிவு ஒரு முறைதான், தள்ளுபடியோ கிடையவே கிடையாது. ஜூலையில் ரிட்டர்ன் தாக்கல் செய்ய உட்காரும்போது இந்த 88,140 ரூபாய் மொத்தமாக எதிரே வந்து நிற்கும். முன்கூட்டி வரி கட்டவில்லை என்று 234பி, 234சி பிரிவுகளின் கீழ் மாதம் ஒரு சதவீதக் கணக்கில் வட்டியும் விழும். கூட்டிப் பார்த்தால் கிட்டத்தட்ட 8,000 ரூபாய். ஒரு ரூபாயைக்கூட மறைக்காதவர், எந்தத் தப்பும் செய்யாத இரண்டு நிறுவனங்களில் வேலை பார்த்தவர் கட்டும் வட்டி இது.

எதிர்த் திசையிலும் இது நடக்கும். அது இன்னும் கொடுமை. மாதம் 1,50,000 வாங்கிவந்த ஒருவருக்குச் செப்டம்பரோடு வேலை போய்விடுகிறது. அக்டோபரில் கிடைத்த இடத்தில் 50,000-க்குச் சேர்கிறார். பழைய நிறுவனம் 18 லட்சம் ஆண்டுச் சம்பளம் என்று கணக்கிட்டு ஆறு மாதத்தில் 75,400 ரூபாய் பிடித்திருக்கும். இப்போது அவருடைய உண்மையான ஆண்டுச் சம்பளம் 12 லட்சம். கழிவு போனால் வரியே இல்லை. பிடித்த 75,400-ம் அவருடைய பணம். ஆனால் அது கைக்கு வர நிதியாண்டு முடிய வேண்டும், படிவம் 16 வர வேண்டும், ரிட்டர்ன் போட வேண்டும், ரீஃபண்ட் வர வேண்டும். சம்பளம் மூன்றில் ஒரு பங்காகக் குறைந்த குடும்பத்துக்கு அந்தப் பணம் தேவைப்படுவது அக்டோபரில். கிடைப்பது அடுத்த ஆண்டின் ஆடி மாதத்துக்கு மேல்.

படிவத்தை நிரப்பிக் கொடுத்துவிட்டால் முதல் சிக்கலாவது தீர்ந்துவிடுமே என்று கேட்கலாம். நிரப்புவதற்கு என்ன வேண்டும் என்று பாருங்கள். பழைய முதலாளியின் பெயர், முகவரி, அவருடைய டேன் எண், பான் எண், வேலை பார்த்த காலம், சம்பளம் தனியாக, வரிக்குட்பட்ட படிகள் தனியாக, சலுகைகளின் மதிப்பு தனியாக, பி.எஃப். பிடித்தம், பிடித்த வரி. சலுகைகளுக்கென்று இணைப்பு வேறு: வாடகையில்லா வீடு, கார், வீட்டுப் பணியாளர், எரிவாயு, மின்சாரம் என்று அந்தக் காலத்துத் துரைமார் வாழ்க்கையை நினைவூட்டும் பட்டியல். இதற்கெல்லாம் ஆதாரமாக ஊழியரின் கையில் இருப்பது சில சம்பளச் சீட்டுகளும், வந்திருந்தால் கணக்கு முடித்த தாளும்தான். அதிகாரபூர்வமான சான்று படிவம் 16. அதைப் பழைய முதலாளி தர வேண்டிய கெடு, நிதியாண்டு முடிந்த பிறகு வரும் ஜூன் 15. செப்டம்பரில் விலகியவர் அக்டோபரில் விவரம் தர வேண்டும். அந்த விவரத்துக்கான சான்றைச் சட்டம் ஒன்பது மாதம் கழித்துத்தான் அவருக்குக் கொடுக்கச் சொல்கிறது. இந்தக் குளறுபடிக்கு ஊழியரின் அலட்சியத்தைக் காரணம் சொல்வது நியாயமாகாது.

பிரிட்டன் இதைக் காகிதத்தாலேயே சமாளித்தது. சம்பளத்திலேயே வரி பிடிக்கும் முறை அங்கே 1944-இல் வந்தது. வேலையை விட்டு விலகும்போதே பி45 என்ற சான்றை முதலாளி கொடுத்துவிட வேண்டும். அந்த வரி ஆண்டில் அதுவரை வாங்கிய சம்பளமும் பிடித்த வரியும் அதில் இருக்கும். புதிய இடத்தில் அதை நீட்டினால் போதும். 2013 ஏப்ரல் முதல் ஒவ்வொரு சம்பள நாளிலும் அல்லது அதற்கு முன்பே முதலாளிகள் வரித்துறைக்கு விவரம் அனுப்பிவிட வேண்டும் என்றும் ஆக்கிவிட்டார்கள். ஆண்டு நடுவில் சம்பளம் குறைந்தால், கூடுதலாகப் பிடித்த வரி புதிய முதலாளியின் சம்பளத்தோடேயே திரும்பிவரும் விதத்தில் அங்கே கணக்கு தொடர்ந்து ஓடுகிறது.

புதுச்சேரி வாசகருக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் பிரான்ஸ். இங்கே வீட்டுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் வீதிக்கு ஒருவராவது பாரிஸ் பக்கம் வேலை பார்ப்பவர் உண்டு. சொல்தா எனப்படும் முன்னாள் பிரெஞ்சுப் படைவீரர்களின் குடும்பங்களுக்குப் பிரெஞ்சுச் சம்பளச் சீட்டும் ஓய்வூதியச் சீட்டும் பழக்கமானவை. புதுச்சேரி 1954 நவம்பர் 1-இல் இந்திய நிர்வாகத்தின் கீழ் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்ட் 16-இல் முடிந்தது. இந்திய வருமான வரிச் சட்டம் 1963 ஏப்ரல் 1 முதல் இங்கே பொருந்தத் தொடங்கியது. சம்பளத்திலேயே வரி பிடிக்கும் விஷயத்தில் அப்போது இந்தியாதான் முன்னோடி. 1922-ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அது இருந்தது. பிரான்ஸிலோ, உலகப் போரையொட்டிச் சில ஆண்டுகள் இருந்து கைவிடப்பட்டது போக, போன ஆண்டு வருமானத்துக்கு இந்த ஆண்டு வரி கட்டும் பழக்கமே நீடித்தது. 2019 ஜனவரி 1-இல்தான் அங்கே சம்பளத்தில் பிடிக்கும் முறை நிரந்தரமாக வந்தது. நூறு ஆண்டு பின்தங்கி வந்தவர்கள் நம்மைத் தாண்டிப் போனதற்குக் காரணம், யார் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதை அவர்கள் மாற்றி அமைத்ததுதான்.

அங்கே ஊழியர் முதலாளியிடம் வரி தொடர்பாக எதையும் அறிவிப்பதில்லை. முதலாளி ஒவ்வொரு மாதமும் சமூகப் பாதுகாப்புக்காக ஊழியர் வாரியாக ஒரே மின்னணு அறிக்கையை அனுப்புகிறார். அதே வழியில் வரித்துறை அந்த ஊழியருக்கு உரிய வரிப்பிடிப்பு விகிதத்தைத் திருப்பி அனுப்புகிறது: இவருக்கு இத்தனை சதவீதம். அவ்வளவுதான். புதிதாகச் சேர்ந்தவருக்கு அந்த விகிதத்தை முன்கூட்டியே கேட்டுப் பெறவும் வசதி உண்டு. விகிதம் வந்து சேராவிட்டால் அந்த மாதச் சம்பளத்தை மட்டும் வைத்துக் கணக்கிடும் பொது விகிதம் ஒன்று இருக்கிறது. தன் விகிதம் முதலாளிக்குத் தெரிய வேண்டாம் என்று நினைப்பவரும் அதையே கேட்டு வாங்கிக்கொள்ளலாம், வித்தியாசத்தை அவரே கட்டிவிட வேண்டும். விகிதம் தவறு என்று தோன்றினால் ஊழியர் பேச வேண்டியது வரித்துறையிடம், முதலாளியிடம் அல்ல. இந்த ஏற்பாடும் குறையில்லாததல்ல. விகிதம் கழிந்த ஆண்டின் வருமானத்திலிருந்து வருவதால், வருமானம் திடீரென்று ஏறினாலோ இறங்கினாலோ ஊழியரே வலைத்தளத்தில் போய் மாற்ற வேண்டியிருக்கிறது. ஆனாலும் வேலையில் சேரும் முதல் நாளில் ஒரு காகிதம் குறைந்ததால் ஒருவருக்கு அடுத்த ஆண்டு வட்டி விழும் நிலை அங்கே கிடையாது.

நம் வரித்துறைக்கு இந்தத் தகவல் எதுவும் தெரியாது என்றால் பேச்சே இல்லை. 2021 நவம்பரில் ஏ.ஐ.எஸ். என்ற ஆண்டுத் தகவல் அறிக்கை வந்த பிறகு, ஒருவருடைய சம்பளம், வங்கி வட்டி, பங்கு விற்பனை எல்லாம் பான் எண்ணின் கீழ் ஒரே இடத்தில் வந்து விழுகின்றன. ரிட்டர்னில் ஒரு சம்பளத்தை மட்டும் காட்டிவிட்டு இன்னொன்றை விட்டுவிட்டால், துறையிலிருந்து குறுஞ்செய்தியும் மின்னஞ்சலும் வருகின்றன. ஆக, இரண்டு சம்பளத்தையும் கூட்டத் துறைக்குத் தெரியும். பிடிபட வைப்பதற்குக் கூட்டுகிறது, பிசகாமல் தடுப்பதற்குக் கூட்டுவதில்லை. குடிமகனைப் பிடிக்கப் போதுமான அளவுக்குச் சரியாக இருக்கும் தகவல், அவருக்கு உதவவும் போதுமானதுதானே?

இங்கே ஒரு நேர்மையான ஆட்சேபம் இருக்கிறது. தகவல் சரியான நேரத்தில் துறையிடம் இருப்பதில்லை என்பார்கள் கணக்கு அறிந்தவர்கள். அது உண்மை. பிடித்த வரிப் பணம் அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குப் போய்விடுகிறது. அது யார் யாருடைய பணம் என்ற விவரமோ 24கியூ என்ற அறிக்கையில் மூன்று மாதத்துக்கொரு முறைதான் போகிறது. அதிலும் வரியே பிடிக்கப்படாதவர்களின் சம்பள விவரம் நான்காம் காலாண்டு அறிக்கையில், மே 31-ஐ ஒட்டித்தான் முழுதாக வருகிறது. மேலே சொன்ன முதல் உதாரணத்தில் பழைய நிறுவனம் பிடித்தது பூஜ்யம். அக்டோபரில் பிடித்த வரியைக் காட்டும் அவருடைய 26ஏஎஸ் அறிக்கையைத் திறந்து பார்த்தால் அந்த ஐந்து லட்சத்து நாற்பதாயிரத்தின் சுவடே இல்லாமல் போகலாம். ஆனால், இது அரசு தனக்குத் தானே வைத்துக்கொண்ட காலக்கெடு. மாற்றவும் அரசால் முடியும். அரசின் இன்னொரு கை இதே வேலையை மாதந்தோறும் செய்துகொண்டிருக்கிறது: வருங்கால வைப்பு நிதி நிறுவனத்துக்கு ஒவ்வொரு முதலாளியும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஈ.சி.ஆர். என்ற மின்னணு அறிக்கையை அனுப்புகிறார். அதில் ஒவ்வொரு ஊழியரின் யு.ஏ.என். எண்ணுக்கு எதிரே பி.எஃப். பிடிக்கும் சம்பளத்தோடு மொத்தச் சம்பளத்துக்கும் தனிக் கட்டம் இருக்கிறது. 2014-இல் வந்த யு.ஏ.என். வேலை மாறினாலும் மாறாது. எத்தனை கம்பெனி மாறினாலும் பி.எஃப். கணக்கு ஆளோடு போகிறது. பி.எஃப்.புக்கு முடிந்தது வரிக்கு ஏன் முடியாது? இருபது பேருக்குக் குறைவான கடைகளும், ஜிப்மர் போன்ற அரசு நிறுவனங்களும் ஈ.சி.ஆர். வலைக்குள் வராதவை என்பது சரி. அவற்றில் அரசு நிறுவனங்களின் சம்பளப் பட்டியல் அரசின் கையிலேயே இருக்கிறது. சிறிய கடைகளுக்கு 24கியூவை மாத அறிக்கையாக ஆக்கினால் தீர்ந்தது. ஜி.எஸ்.டி.க்கு மாதாமாதம் கணக்குக் கொடுக்கப் பழகிய வியாபாரிக்கு நான்கைந்து பேரின் சம்பளத்தை ஏற்றுவது பெரிய பாரம் ஆகாது.

அந்தரங்கம் பற்றிய கவலை இதைவிடக் கனமானது. பழைய சம்பளம் புதிய முதலாளிக்கு ஏன் தெரிய வேண்டும்? பேரம் பேசும்போது கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருப்பார்கள். அது வெளியே வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் பலர் 12பி-யைத் தொடுவதில்லை. கூட்டிச் சொன்னது சரியா என்று தீர்ப்பு வழங்குவது வரிச் சட்டத்தின் வேலையல்ல. சம்பளம் பேசும் மேசையில் ஊழியரின் பக்கம் ஏற்கெனவே பலவீனமான பக்கம். அவருடைய பழைய சம்பளத்தையும் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் அது இன்னும் பலவீனமாகிறது. ஆனால் கவனித்தால், அந்தரங்கத்தை உடைப்பது இப்போதுள்ள முறைதான். 12பி முழுச் சம்பளத்தையும் பிரித்துப் பிரித்துக் காட்டுகிறது. விகிதம் மட்டும் அனுப்பும் முறையில் முதலாளிக்குப் போவது ஒரே ஒரு எண்; அது பழைய சம்பளத்தால் வந்ததா, வங்கி வட்டியால் வந்ததா, வாடகை வருமானத்தால் வந்ததா என்று அவருக்குத் தெரியாது. இதற்கான வழியும் நம்மிடம் புதிதல்ல. 197-ஆம் பிரிவின் கீழ் ஒருவர் விண்ணப்பித்தால், இவருக்கு இந்தக் குறைந்த விகிதத்தில்தான் பிடிக்க வேண்டும் என்று துறை சான்று தருகிறது; பிடிப்பவர் அதை துறையின் டிரேசஸ் இணையதளத்தில் சரிபார்த்துக்கொள்கிறார். விண்ணப்பித்தவருக்கு மட்டும் கிடைப்பதை, வேலை மாறிய எல்லாருக்கும் தானாகவே கிடைப்பதாக ஆக்குவதுதான் நான் கேட்பது.

புதுச்சேரியில் 12,75,000 ரூபாய்க்கு மேல் சம்பளம் வாங்குபவர்கள் எத்தனை பேர், இது ஒரு சிறு கூட்டத்தின் பிரச்சினை அல்லவா என்றும் கேட்பார்கள். வரம்பு உயர்ந்ததால் பெரும்பாலானோருக்கு வரி இல்லை என்பது மெய். அந்த உயர்வுதான் இந்தப் பொறியையும் பெரிதாக்கியது: வரம்பு தாழ்வாக இருந்தபோது இரண்டு இடத்திலும் கொஞ்சமாவது பிடிப்பார்கள், மிச்சம் சிறிதாக இருக்கும். இப்போது இரண்டு அரை ஆண்டுகளும் தனித்தனியாகப் பூஜ்யமாகி, சேர்ந்தால் ஒரே அடியாக எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று வருகிறது. சம்பளம் குறைந்தவர்களுக்கு வேறு விதமான அடி. தனியார் பள்ளிகளிலும் சிறு மென்பொருள் நிறுவனங்களிலும் முழுநேர வேலைக்கு எடுத்துவிட்டு, காகிதத்தில் ‘கன்சல்டன்ட்’ என்று எழுதி 194ஜே பிரிவில் 10 சதவீதம் பிடிப்பது சர்வசாதாரணம். மாதம் 25,000 வாங்கும் பெண்ணிடமிருந்து 2,500 போகிறது, ஆண்டுக்கு 30,000. அவருக்கு வரியே கிடையாது. ரிட்டர்ன் போட்டால் திரும்பக் கிடைக்கும். போடத் தெரியாவிட்டால் அந்தப் பணம் போனதுதான். பி.எஃப்., இ.எஸ்.ஐ. இல்லாதது தனிக் கதை. மாதந்தோறும் பெயர்வாரியாக விவரம் போகும் முறை இருந்தால், ஒரே இடத்திலிருந்து ஒரே தொகை பன்னிரண்டு மாதமும் வாங்கும் இந்தக் ‘கன்சல்டன்ட்’ யார் என்பது துறையின் கண்ணில் படாமல் போகாது. தொழில் வரியை நான் இங்கே சேர்க்கவில்லை. அது உள்ளாட்சிக்கு அரையாண்டுக்கொரு முறை போவது. அரசமைப்புச் சட்டத்தின் 276-ஆம் பிரிவு ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்று வரம்பு கட்டியிருப்பதால் தொகையும் சிறிது.

வரி கட்டுவது குடிமகனின் கடமை, படிவம் நிரப்பவும் சோம்பலா என்ற கண்டிப்பான குரலும் கேட்கும். கடமையில் தகராறில்லை, மொத்த வருமானத்துக்கும் அவர் வரி கட்டத்தான் வேண்டும், ரிட்டர்னும் போடத்தான் வேண்டும். ஆனால் சம்பளத்தில் பிடிக்கும் முறை வந்ததே, குடிமகன் தானாகக் கணக்குப் போட்டுப் பணத்தை எடுத்து வைப்பான் என்று அரசு நம்பாததால்தான். அப்படி நம்பாத அரசு, அந்த முறையின் மிக முக்கியமான கண்ணியை மட்டும், சேர்ந்த நாளில் இருபது இடத்தில் கையெழுத்துப் போட்டுக் களைத்த இருபத்திரண்டு வயதுப் பிள்ளையின் விருப்பத்துக்கு விட்டுவிடுவதில் என்ன தர்க்கம் இருக்கிறது?

நேரடி வரிகள் வாரியம் இதைப் புதுச்சேரியிலேயே வெள்ளோட்டம் விட்டுப் பார்க்கலாம். ஊர் சிறியது; ஜிப்மர், புதுவைப் பல்கலைக்கழகம், காரைக்கால் என்.ஐ.டி. என்று மத்திய நிறுவனங்கள் உண்டு. விரல்விட்டு எண்ணக்கூடிய தொழிற்பேட்டைகள். ஊழியரின் சம்மதத்தோடு பான் எண்ணைக் கொடுத்தால் வரிப்பிடிப்பு விகிதம் திரும்பி வரும் ஏற்பாட்டை மத்திய நிறுவனங்களில் முதலில் தொடங்கி, ஓராண்டு பார்த்துவிட்டு மற்ற இடங்களுக்கு விரிக்கலாம். அதுவரைக்கும் செய்யக்கூடிய சிறிய காரியம் ஒன்று இருக்கிறது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, வேலையை விட்டவரின் சம்பளப் பாக்கியை இரண்டு வேலை நாளுக்குள் தீர்க்கச் சொல்கிறது. அந்தப் பணத்தோடு, அந்த ஆண்டில் அதுவரை கொடுத்த சம்பளம் இவ்வளவு, பிடித்த வரி இவ்வளவு என்று ஒரே ஒரு தாளையும் கையில் கொடுத்தாக வேண்டும் என்று விதி சேர்ப்பதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை.

விதி வரும்வரை காத்திருக்க முடியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த நிதியாண்டின் நடுவில் வேலை மாறியிருந்தால், பழைய இடத்தின் கடைசிச் சம்பளச் சீட்டையும் டேன் எண்ணையும் எடுத்து வைத்துக்கொண்டு, புதிய இடத்தின் கணக்குப் பிரிவில் பழைய சம்பளத்தைக் காட்டும் படிவத்தைக் கேட்டு வாங்கி, பிப்ரவரிச் சம்பளப் பட்டியல் போடும் முன் நிரப்பிக் கொடுங்கள். பழைய சம்பளத்தைச் சொல்ல விருப்பமில்லையென்றால், வரியை நீங்களே கணக்குப் போட்டு மார்ச் 15-க்குள் முன்கூட்டி வரியாக ஆன்லைனில் கட்டிவிடுங்கள். வட்டியில் பெரும்பகுதி மிச்சமாகும்.